அடி விழுந்த இடத்தில் முன்னே நின்றவர்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில காலைப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டும், சில கோவிலில் நின்றுகொண்டும், வேறு சில பூசை கண்டு வீடு திரும்பிக்கொண்டும் இருந்த வேளை. அந்த வேளையில்தான் யப்பானிய விமானங்கள் கூட்டங் கூட்டமாக வந்து துறைமுகத்தின் மேலும் அதன் சுற்றுப்புறங்களின் மேலும் குண்டுகளைப் பொழிந்தன. யப்பான்காரன் குண்டு போட்ட கதையைத் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் தோட்டங்களிலும் இன்னும் இருப்பார்கள்.

ஆனால் அந்தக் குண்டுகள் விழுவதற்கு முந்திய நாள் பிற்பகலில், இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில், ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்து இந்த நாட்டுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பினார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. அவர் பெயர் லெனார்ட் ஜோசப் பேர்ச்சல். கனடா நாட்டவர். கடற்படைக்குக் கண்ணாக இருந்து கடலைக் காவல் செய்த விமானப்படை அதிகாரி. இலங்கையின் இரட்சகர் என்று பிற்காலத்தில் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். இரட்சகர் ஒருவரே என்று ஞானோபதேசத்தில் படித்த நமக்கு அந்தப் பட்டம் சற்று அதிகமாகவே தோன்றும். அதை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது சில நிமிட வேலை. அதற்குப் பின் வந்த மூன்றரை ஆண்டுகளில், புகழும் பட்டமும் எட்டாத சிறை முகாம்களில், அவர் செய்தது அதைவிடப் பெரியது. அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பயிற்சியும்

பேர்ச்சல் 1915-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சென். கதரின்ஸ் நகரில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே அவருக்கு விமானம் ஓட்டுவதில் தீராத ஆசை. சில்லறை வேலைகள் செய்து சேர்த்த பணத்தைக் கொடுத்து விமானம் ஓட்டப் பழகினார். 1933-இல் கிங்ஸ்ரன் நகரிலுள்ள அரச இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1937-இல் படிப்பை முடித்து, கனடிய விமானப்படையில் விமானியானார்.

1939-இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது அவருக்குக் கிடைத்தது கடற்காவல் வேலை. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவிலிருந்து நீரில் இறங்கி ஏறக்கூடிய விமானத்தில் புறப்பட்டு, அட்லாண்டிக் கடலில் எதிரிக் கப்பல்கள் வருகின்றனவா என்று மணிக்கணக்காகப் பார்த்திருக்க வேண்டும். கண் வலிக்கும் வேலை. பெயர் வாங்கித் தராத வேலை. 1940 ஜூன் 10-இல் இத்தாலி யுத்தத்தில் இறங்கிய செய்தி வந்த சில மணி நேரத்துக்குள், சென். லோறன்ஸ் வளைகுடாவில் தப்பியோட முயன்ற இத்தாலியச் சரக்குக் கப்பல் ஒன்றைத் தம் விமானத்தால் அச்சுறுத்திக் கரை தட்ட வைத்துப் பிடிபடச் செய்தார். பின்னர் 413-ஆம் இலக்கப் படைப் பிரிவில் சேர்ந்து, ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லன்ட் தீவுகளில் சேவை செய்தார். அங்கிருந்துதான் அவரை இலங்கைக்கு அனுப்பினார்கள்.

1942-இல் நம் நாடு

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கே இடிமேல் இடியாக விழுந்துகொண்டிருந்தது. பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-இல் ரங்கூன் வீழ்ந்தது. அதே மாதத்தில் அந்தமான் தீவுகளும் யப்பானியர் கைக்குப் போயின. அடுத்தது இலங்கைதான் என்று எல்லாரும் அஞ்சினார்கள்.

அந்த அச்சம் துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை. மலைநாட்டு லயங்களில் அது சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. நாம் உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. பர்மா போனதும் அரிசியும் போயிற்று. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. மலாயாவின் றப்பர் எதிரி கைக்குப் போய்விட்டதால் மொனராகலைப் பக்கத்து றப்பர் மரங்களுக்கும் திடீரென்று மதிப்பு ஏறிற்று. பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் பறித்த கொழுந்து, யுத்த காலத்து இங்கிலாந்தின் வீடுகளுக்கும் படை முகாம்களுக்கும் போய்ச் சேர வேண்டியிருந்தது. அதற்குக் கப்பல் வேண்டும். கப்பலுக்குக் கடல்வழி வேண்டும். அந்தக் கடல்வழியின் காவற்படிகளாக இருந்தவை கொழும்பும் திருகோணமலையும்.

பிரித்தானியக் கீழைக் கடற்படைக்கு அப்போது தளபதி அட்மிரல் சமர்வில். அவரிடமிருந்த கப்பல்களில் பல பழையவை. எதிரே வந்தது, 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தை அழித்த அதே யப்பானியக் கடற்படை. தளபதியும் அதே நகுமோதான். யப்பானியர் ஏப்ரல் முதல் நாளளவில் தாக்கக் கூடும் என்று இரகசியச் செய்திகளிலிருந்து பிரித்தானியர் ஊகித்திருந்தார்கள். சமர்வில் கடலில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் குறைந்ததால் ஏப்ரல் 2-இல் தம் கப்பல்களை மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு தீவுக்குத் திருப்பினார். சில கப்பல்களைக் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பினார். ஆபத்து விலகியது போலத் தோன்றிய அந்த நாளில்தான் பேர்ச்சலின் கற்றலீனா விமானம் காலிக்கு அப்பாலுள்ள கொக்கலை வாவியில் வந்து இறங்கியது.

ஏப்ரல் 4, சனிக்கிழமை

கற்றலீனா என்பது இரண்டு இயந்திரங்கள் பூட்டிய பெரிய பறக்கும் படகு. இருபது மணி நேரத்துக்கு மேலும் வானில் நிற்கும்; ஆனால் வேகம் இல்லாதது. சண்டை விமானத்தின் முன் அது பருந்தின் முன் வாத்துப் போன்றது.

இலங்கைக்கு வந்து இரண்டு நாளாகவில்லை. சனிக்கிழமை விடியுமுன் பேர்ச்சல் புறப்பட வேண்டியிருந்தது. அவரோடு எட்டுப் பேர். அவர்களில் வழி கணிக்கும் அதிகாரியான ஒன்யெட் மட்டுமே கனடியர்; மற்றவர்கள் பிரித்தானியர். தென்கிழக்குக் கடலில் குறித்த பகுதியைக் கோடு கோடாக உழுவது போலப் போய் வருவதே கட்டளை. நாள் முழுவதும் பறந்தும் ஒன்றும் தென்படவில்லை. திரும்பும் நேரம் நெருங்கியது. விமானம் நிற்கும் இடத்தைச் சந்திரன் உதிக்கும்போது சரிபார்த்துக்கொள்ளலாம், இன்னும் ஒரு சுற்றுப் போவோம் என்று ஒன்யெட் யோசனை சொன்னார். பேர்ச்சல் இணங்கினார். வீடு போகலாம் என்ற வேளையில் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று எண்ணிய அந்த ஒரு சுற்றுத்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

பிற்பகல் 4 மணியளவில், இலங்கைக்குச் சுமார் 350 மைல் தென்கிழக்கே, தென் அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. நம் கப்பல்களோ எதிரிக் கப்பல்களோ என்று அறிய அருகே போக வேண்டும். போனால் திரும்ப முடியாமற் போகலாம். ஒளிந்துகொள்ள மேகமும் இல்லை. அவர் அருகே போனார். புள்ளிகள் கப்பல்களாயின, கப்பல்கள் பெரும்படையாயின. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், நான்கு பெரும் போர்க் கப்பல்கள், அவற்றைச் சூழ்ந்து சிறிய கப்பல்கள். கணக்கெடுத்து, இடத்தையும் போகும் திசையையும் வேகத்தையும் சங்கேத மொழியில் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பத் தொடங்கினார்கள்.

செய்தியை மூன்று முறை திருப்பி அனுப்புவது விதி. அதற்குள் யப்பானிய சண்டை விமானங்கள் வந்து சூழ்ந்துகொண்டன. தந்திக் கருவி சிதறியது. அதை இயக்கியவர் காயமுற்றார். எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. பேர்ச்சல் எரியும் விமானத்தை எப்படியோ கடலில் இறக்கினார். ஒன்பது பேரில் ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். எட்டுப் பேர் தண்ணீரில் குதித்தார்கள். மேலேயிருந்து துப்பாக்கிச் சூடு தொடர்ந்தது. நீந்த வல்லவர்கள் நீருக்குள் மூழ்கி மூழ்கித் தப்பினார்கள். படுகாயமுற்று, மிதவைச் சட்டையோடு மிதந்த இருவரால் மூழ்க முடியவில்லை. அவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். மிஞ்சிய ஆறு பேரை இசொகாசே என்ற நாசகாரிக் கப்பல் தூக்கியெடுத்தது.

செய்தி அனுப்பினீர்களா என்று கேட்டு அடித்தார்கள். இல்லை என்று பேர்ச்சல் சாதித்தார். ஆனால் அந்நேரத்தில், செய்தியைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கொழும்பு கேட்டது யப்பானியரின் காதிலும் விழுந்துவிட்டது. அடி இன்னும் கூடியது. மூத்தவர் நான்தான் என்று சொல்லிக்கொண்டவர் பேர்ச்சல். எனவே அடியில் பெரும்பங்கும் அவருக்கே விழுந்தது. சிறை வாழ்வின் முதல் மணி நேரத்திலேயே அவர் பிடித்துக்கொண்ட இடம் அது. பின்னர் ஒருபோதும் அந்த இடத்தை விட்டு அவர் பின்வாங்கவில்லை.

எச்சரிக்கை செய்ததும் செய்யாததும்

பேர்ச்சலின் செய்தி இலங்கையைக் காப்பாற்றிவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது. உள்ளதை உள்ளபடி சொல்வதே அவருக்கும் மரியாதை.

செய்தி கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்தில் எஞ்சியிருந்த கப்பல்களில் வெளியேறக் கூடியவை வெளியேற்றப்பட்டன. பீரங்கிப் படைகளும் விமானப் படையும் எச்சரிக்கப்பட்டன. ஆகவே மறுநாள் காலை சுமார் 125 யப்பானிய விமானங்கள் வந்தபோது பேர்ள் துறைமுகத்தில் கண்டதைப் போன்ற பெரும் இரை அவர்களுக்கு அகப்படவில்லை. ஆயினும் தெனெதொஸ், ஹெக்ரர் என்ற இரண்டு கப்பல்கள் துறைமுகத்திலேயே நாசமாயின. விடியற்காலையில் எதிரி வருவதை மறுபடி அறிவிக்க வேண்டிய ஏற்பாடு பிசகியதால், இரத்மலானையில் சண்டை விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். அங்கொடையிலிருந்த மனநோயாளர் ஆஸ்பத்திரியும் குண்டுக்குத் தப்பவில்லை. அங்கே இறந்தவர்கள் யுத்தம் என்றால் என்னவென்றே அறியாதவர்கள்.

அன்று பிற்பகல் கடலில் டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு பெரிய கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒன்றரை நாளளவு நீரிலும் வெயிலிலும் கிடந்து மீட்கப்பட்டார்கள். ஏப்ரல் 9-இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி, அதன் தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். அன்று யப்பானியப் படையை மறுபடி கண்டு செய்தி அனுப்பியது, பேர்ச்சலின் அதே படைப் பிரிவைச் சேர்ந்த இன்னொரு கற்றலீனா. அதன் தலைவர் தோமஸ் என்பவர். அந்த விமானத்திலிருந்த ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பெயரும் பரவவில்லை. பேர்ச்சலை நினைக்கும்போது அவர்களையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.

இந்த இடத்தில் நம் ஊவாவுக்கும் ஒரு பங்கு உண்டு. மூழ்கிய கபல்களிலிருந்து தப்பிய மாலுமிகளில் சிலர் உடல் தேற அனுப்பப்பட்ட இடம் தியத்தலாவை. கடலில் எண்ணெய் விழுங்கி, நண்பர்களை இழந்து வந்தவர்கள் நம் மலைக் குளிரில் படுத்து மூச்சு வாங்கினார்கள். அதே தியத்தலாவையில்தான் 1900-ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த போயர் யுத்தக் கைதிகள் ஆயிரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். வீட்டை விட்டு வெகுதூரம் கொண்டுவரப்பட்டு முட்கம்பிக்குள் வாழ்வது என்ன என்பதை அந்த மலை முன்னரே கண்டிருந்தது.

நகுமோவின் படை அத்தோடு திரும்பிப் போயிற்று. அவ்வளவு பெரிய படை மறுபடி இலங்கைப் பக்கம் வரவில்லை. இரண்டு மாதங்களில், ஜூன் 1942-இல், மிட்வே தீவுக்கருகே நடந்த சண்டையில், இலங்கைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று அழிந்தன. இலங்கை ஆபத்திலிருந்த அந்த நாட்களே யுத்தத்தின் மிகக் கொடிய வேளை என்று பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் பின்னர் கருதியதாகவும், கற்றலீனா விமானியின் செய்கையை மெச்சியதாகவும் சொல்வார்கள். அந்தப் பாராட்டு நடந்தபோது பேர்ச்சல் எங்கே இருந்தார் என்று தெரிந்துகொள்வோம்.

முட்கம்பிக்குள்ளே

யப்பானுக்குக் கொண்டுபோன பேர்ச்சலை முதலில் ஒஃபுனா என்ற விசாரணை முகாமில் அடைத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் தெரியாத முகாம் அது. அங்கே இருப்பவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பேசத் தடை, தனியறை, தினமும் விசாரணை, தினமும் அடி. கனடாவிலிருந்த குடும்பத்தாருக்கு அவர் காணாமற் போனவர், அவ்வளவே.

அதன்பின் யோக்கோஹாமா நகர முகாம்களுக்கும், ஒமோரி முகாமுக்கும், இன்னும் வேறு முகாம்களுக்கும் மாற்றப்பட்டார். கைதிகளைக் கப்பல் கட்டும் தளங்களிலும் ஆலைகளிலும் வேலைக்கு விட்டார்கள். ஒரு கைப்பிடிச் சோறும் கஞ்சியும்தான் உணவு. பனிக்காலத்தில் போதிய உடுப்பில்லை, மருந்தில்லை. வயிற்றோட்டமும் சளிச் சுரமும் போசாக்கின்மையால் வரும் பெரிபெரியும் ஒவ்வொருவராகக் கொண்டுபோயின.

பல இடங்களில் முகாமிலிருந்த கைதிகளுக்குள் மூத்த அதிகாரி பேர்ச்சல். மூத்தவர் என்றால் கொஞ்சம் வசதி என்று நாம் எண்ணுவோம். அவர் அப்படி எண்ணவில்லை. தோட்டத்துப் பெரட்டுக் களத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே இருப்பவன் போடும் சத்தம் கீழே இருப்பவனுக்கு வந்து சேரும்போது இடையில் நிற்கிறவன் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். அந்தச் சத்தத்தை இன்னும் பெருக்கிக் கீழே அனுப்பலாம். அல்லது தானே அதை வாங்கிக்கொண்டு தணிக்கலாம். பெருக்கி அனுப்புகிறவனுக்கு நல்ல பெயரும் சலுகையும் கிடைக்கும். வாங்கிக்கொள்கிறவனுக்கு முதுகில் தழும்பு கிடைக்கும்.

முதலில் சோற்றுப் பிரச்சினை. பசித்தவர்கள் கூடும் இடத்தில் சந்தேகமும் கூடும். அதிகாரிகளுக்கு மட்டும் ஓரகப்பை கூடுதலாக விழுகிறதோ என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒற்றுமை அன்றோடு முடிந்தது. இதற்குப் பேர்ச்சலும் மற்ற அதிகாரிகளும் எடுத்த முடிவு எளிமையானது. யாராவது ஒருவனுக்குத் தன் கிண்ணத்தைவிட அதிகாரியின் கிண்ணத்தில் கூடுதலாக இருப்பதாகத் தோன்றினால், வந்து மாற்றிக்கொண்டு போகலாம். கேள்வி இல்லை, கோபம் இல்லை. பிற்காலத்தில் தலைமைத்துவம் பற்றி இளம் அதிகாரிகளுக்கு விரிவுரை செய்தபோதெல்லாம் இப்படியான முகாம் அனுபவங்களையே அவர் எடுத்துச் சொன்னார். தலைவன் மேல் நம்பிக்கை மேடையில் பிறப்பதில்லை, கிண்ணத்தில் பிறக்கிறது என்பது அவர் கண்ட பாடம்.

அடுத்தது நோயாளிகள். நோயில் கிடந்த கைதிகளை ஒரு நாள் வேலைக்கு இழுத்துப் போக ஒரு யப்பானியக் காவல் அதிகாரி முனைந்தான். பேர்ச்சல் சொல்லிப் பார்த்தார், அவன் கேட்கவில்லை. அப்போது அவர் பலத்தைக் கொண்டே அவனைத் தடுத்து நிறுத்தினார். கைதி ஒருவன் காவலன் மேல் கை வைத்தால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பல நாள் தனிச் சிறையும் மிகக் கொடிய சித்திரவதையும் நேர்ந்தன. ஆனால் அதன்பின் அந்த முகாமில் நோயாளிகளை வேலைக்கு இழுக்கவில்லை. நோய்ப் பட்டியலில் பெயர் இருந்தும் மலையேற வேண்டியிருந்த கதைகளைத் தம் குடும்பத்தில் கேட்டவர்கள், அந்த ஒரு வெற்றியின் அருமையை அறிவார்கள்.

இன்னொரு முறை, கைதிகளை நடத்திய விதத்தை எதிர்த்து எல்லாரையும் வேலை செய்யாமல் உட்காரவைத்தார். ஆயுதமில்லாதவர்கள், பட்டினி கிடப்பவர்கள், எதிரியின் நாட்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை நம்புவதே கடினம். அதற்கும் தண்டனை தலைவனுக்குத்தான். ஒமோரிக்கு அவரை அனுப்பியதும் ஒரு தண்டனையாகவே.

யப்பானியர் கையில் அகப்பட்ட மேல்நாட்டுக் கைதிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். பேர்ச்சல் பொறுப்பாக இருந்த முகாம்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். ஒவ்வொரு முகாமின் நிலைமையும் ஒன்றல்ல என்பதால் இதை முழுவதும் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆனாலும் அவர் குறுக்கே நின்றதால் உயிரோடு வீடு திரும்பியவர்கள் உண்டு என்பதில் ஐயமில்லை.

மண்ணுக்குள் ஒரு சாட்சி

அடியைத் தாங்குவதோடு அவர் நிற்கவில்லை. யார் நோயுற்றான், யார் இறந்தான், யார் யாரை எப்போது அடித்தான் என்று கிடைத்த தாள்களில் நாட்குறிப்பு எழுதி மறைத்துவைத்தார். சில குறிப்புகளை மண்ணில் புதைத்தார். கண்டுபிடித்திருந்தால் தலை போயிருக்கும். 1945 ஓகஸ்ட் மாத இறுதியில் அமெரிக்கப் படையினர் வந்து கைதிகளை விடுவித்தபோது அந்தக் குறிப்புகளும் வெளியே வந்தன. யுத்தக் குற்ற விசாரணைகளில் அவை சாட்சியமாக ஏற்கப்பட்டன.

பழிவாங்க வாய்ப்புக் கிடைத்த நேரத்தில் அவர் கொண்டுவந்தது எழுத்து. அநியாயத்தைக் கண்ட இடத்தில் திகதியோடும் பெயரோடும் எழுதிவைத்தால், அது ஒரு நாள் பேசும். எழுத்தறிவு பெறப் போராடிய நம் தோட்டத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பட்டங்களும் பிற்கால வாழ்வும்

யப்பானியக் கடற்படையைக் கண்டு அறிவித்ததற்காக அவருக்கு விமானப்படையின் சிறப்புச் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. முகாம்களில் தம் ஆட்களுக்காகச் செய்தவற்றுக்காகப் பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. 1950-இல் அமெரிக்க அரசும் ஒரு விருது தந்தது. தன் நாட்டுக் கைதிகளுக்கும் அவர் அரணாக நின்றதை அது மறக்கவில்லை. வானத்தில் செய்ததற்கு ஒரு பதக்கம், முட்கம்பிக்குள் செய்ததற்கு இரண்டு கௌரவங்கள். அந்தக் கணக்கு சரியானதே.

யுத்தத்துக்குப் பின்னும் விமானப்படையிலேயே தொடர்ந்து உயர்ந்தார். 1963 முதல் 1967 வரை, தாம் படித்த அதே இராணுவக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஓய்வுபெற்றபின் ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பணி செய்தார். கௌரவப் பதவிகளில் படையோடு தொடர்பு விடாமல் இருந்ததால், அவர் சேவைக் காலம் 62 ஆண்டுகள் என்று கணக்கிட்டுப் பதக்கத்தில் குறித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் கனடாவின் உயரிய விருதுகளில் ஒன்றான கனடிய விருதுச் சபையில் சேர்க்கப்பட்டார். 2004 செப்ரம்பர் 10-இல், கிங்ஸ்ரன் நகரில், 89-ஆம் வயதில் காலமானார்.

நமக்கு விட்டுச் சென்றது

அவர் இலங்கையில் தங்கியது இரண்டு இரவுகள் மட்டுமே. நம் மொழி தெரியாது. நம் மலை தெரியாது. பதுளை என்ற பெயரையே கேட்டிருப்பாரோ என்னவோ. ஆயினும் அவர் வாழ்வு நம் முன்னே இரண்டு கேள்விகளை வைக்கிறது.

முதலாவது, எச்சரிக்கை பற்றியது. 1942-இல் ஓர் உயிர்த்த ஞாயிறு. 2019 ஏப்ரல் 21-இல் இன்னோர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் 260-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் தாக்குதலுக்கும் முன்னெச்சரிக்கை வந்திருந்தது. வந்ததை உரியவர்கள் பொருட்படுத்தவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த அதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. 1942-இல் ஒரு வரிச் செய்தியை அனுப்ப மூன்று பேர் உயிரைக் கொடுத்தார்கள், ஆறு பேர் மூன்றரை ஆண்டுகளைக் கொடுத்தார்கள். கிடைத்த அரைகுறைச் செய்தியையும் வைத்துக்கொண்டு இரவோடிரவாகக் கப்பல்களை வெளியேற்றினார்கள். கையில் தெளிவான எச்சரிக்கை இருந்தும் அசையாதிருந்த நாளை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. கண்டவன் சொல்ல வேண்டும். கேட்டவன் எழுந்து செயல்பட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கைக்குப் பழகிவிட்ட நம் மலைச் சரிவு லயங்களுக்கும் இது பொருந்தும். 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததை ஊவா மறக்கவில்லை.

இரண்டாவது, மூத்தவர் என்ற சொல் பற்றியது. குடும்பத்தில் தந்தை, தோட்டத்தில் தலைவர், சங்கத்தில் பொறுப்பாளர், பள்ளியில் அதிபர், பங்கில் குருவானவர் - நாம் ஒவ்வொருவரும் எங்கோ ஓரிடத்தில் சிலருக்கு மூத்தவர்கள். நமக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு விழும் அடியில் எவ்வளவு நம் முதுகில் விழுகிறது? நம் கிண்ணத்தை அவர்கள் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?

திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம் யுத்தத்தில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. திருமலைப் பக்கம் போகும் குடும்பங்கள் சற்று இறங்கி, பிள்ளைகளோடு அந்தக் கற்களுக்கிடையே நடந்து பாருங்கள். இருபது வயதும் இருபத்திரண்டு வயதுமான பிள்ளைகள் தங்கள் ஊரிலிருந்து வெகுதூரத்தில் நம் மண்ணில் உறங்குகிறார்கள். பேர்ச்சலின் தோழர்களுக்கு அங்கும் கல்லறை இல்லை. அவர்களைக் கடல் வைத்துக்கொண்டது. அவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்லிவிட்டு வருவோம்.